ஏழு நாள் சொட்டு

சிவந்த கண்ணோடு துடுப்பு பிடிக்கிறவனை நம்பி யாரும் படகில் ஏறமாட்டார்கள். பிச்சாவரத்தில் இருபத்தாறு வருஷம் படகு தள்ளிய பழனிவேலுக்கு இது ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் உறைத்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவர் படகில் ஒரு காலை வைத்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டது. "விடியறதுக்கு முன்னாடியே ஏத்திக்கிட்டு வந்திருக்கான் பாருங்க" என்று அந்தப் பெண்மணி கணவனிடம் சொன்னது மெதுவாகச் சொன்னதுதான். ஆனால் தண்ணீர்மேல் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

பழனிவேல் வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொட்டவரில்லை. வெயிலும், தண்ணீரில் பட்டு முகத்தில் அறையும் வெளிச்சமும், உப்புக் காற்றும் சேர்ந்து அவருடைய இரண்டு கண்களிலும் மூக்கோரமாகச் சதையை வளர்த்துவிட்டிருந்தன. வெள்ளைவிழி எந்நேரமும் கோவைப்பழமாக இருந்தது. படகுத் துறையில் சவாரிக்கு முறை பிரித்துக் கொடுப்பவர் அவரைத் தனியே கூப்பிட்டு, "ரெண்டு நாள் வீட்ல இரு. கண்ணைச் சரி பண்ணிக்கினு வா" என்றார்.

மறுநாளே அவர் கிள்ளையில் பஸ் ஏறிச் சிதம்பரம் வந்துவிட்டார். மேலவீதியில் ஒரு கண்ணாடிக் கடையில்தான் அவருடைய அக்கா மகள் அனுப்பிரியா வேலை பார்த்தாள். கண்ணுக்குப் பவர் பார்ப்பது அவள் வேலை. அதற்காகச் சென்னையில் நான்கு வருஷம் படித்திருந்தாள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். கல்லூரியில் சேர்த்த அன்று அவளுடைய இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு விடுதியின் மூன்றாவது மாடி வரை ஏறியவர் இந்த மாமாதான்.

கடைக்கு வருகிறவர்கள் அவளை டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். முதல் மாதத்தில், "நான் டாக்டர் இல்லீங்க, ஆப்டோமெட்ரிஸ்ட்" என்று ஒவ்வொருவரிடமும் திருத்திக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை யார் வாயிலும் நுழையவில்லை. பிறகு விட்டுவிட்டாள்.

"என்னா மாமா, கண்ணு இப்படி ரத்தமா இருக்கு?"

"அதுக்குதான் உங்கிட்ட வந்தேன். துறையே என்னைக் குடிகாரன்னுது. குடிச்சிட்டாவது அந்தப் பேரை வாங்கியிருக்கலாம். சும்மா வாங்கிட்டேன் பாரு, அதான் வயிறு எரியுது."

கல்லாவில் உட்கார்ந்திருந்த கடை முதலாளி திருநாவுக்கரசு வாய்விட்டுச் சிரித்தார்.

அனுப்பிரியா மாமாவை இருட்டறைக்குக் கூட்டிப்போய் விளக்கு அடித்துப் பார்த்தாள். சதை கருவிழியின் ஓரத்தைத் தொட்டிருந்தது. கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. அதைக் கார்டில் எழுதினாள்.

"சதைக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது மாமா. கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. அங்க கண் டாக்டர் பார்ப்பாரு."

"அங்க போனா ஒரு நாள் பூடும். திங்கக்கிழமை எனக்கு முறை வருது. சிவப்பு போனாப் போதும், சதை கெடக்கட்டும். நீ பார்த்தாப் பத்தாதா? நாலு வருஷம் படிச்ச புள்ளைக்கு ஒரு சொட்டு மருந்து தெரியாதா?"

தெரியும். எந்தச் சொட்டு விட்டால் இரண்டே நாளில் கண் வெளுக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதும் உரிமை தனக்கு இல்லை என்பதும் தெரியும். மூன்றாம் வருஷத்தில் சட்டத்துக்கென்றே தனிப்பாடம் இருந்தது. பவர் பார்க்கலாம், கண்ணாடி எழுதலாம். சோதனைக்காகக் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு விடுவதென்றால்கூட டாக்டரின் மேற்பார்வை வேண்டும். நோய்க்கு மருந்து எழுதக்கூடியவர் பதிவு பெற்ற டாக்டர் மட்டும். தேர்வில் இந்தக் கேள்வி வந்தபோது ஒரு பக்கம் நிறைய எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

ஆனால் இந்தக் கடையில் வேறொரு சட்டம் இருந்தது. திருநாவுக்கரசு அவளை வேலைக்கு எடுத்த அன்றே அதைச் சொல்லியிருந்தார். "கண்ணு வலின்னு வருவாங்க, செவப்புன்னு வருவாங்க. மருந்து பேரு கேப்பாங்க. வாயால சொல்லு, கையால எழுதாத. வாய்ச்சொல்லுக்குச் சாட்சி கெடையாது." அவள் அதுவரை அப்படித்தான் செய்துவந்தாள். ஒரு பேரைச் சொல்லுவாள், வந்தவர்கள் எதிர்சாரி மெடிக்கலில் போய் வாங்கிக்கொள்வார்கள். அதில் தவறு இருப்பதாக அவளுக்குத் தோன்றாத அளவுக்குப் பழகிவிட்டிருந்தது.

மாமாவிடமும் வாயால்தான் சொன்னாள். அவர் மூன்று முறை திருப்பிச் சொன்னார். மூன்று முறையும் மூன்று வேறு மருந்தாக வந்தது.

"அட போம்மா. மெடிக்கல்ல போயி நான் எலி மருந்து கேட்டாலும் கேட்டுடுவேன். எழுதிக் குடு."

அவள் கார்டைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஆங்கிலத்தில் சொட்டின் பேரையும், அதன் கீழே தமிழில் 'தினம் 4 வேளை, 7 நாள்' என்றும் எழுதினாள். கீழே பழக்கதோஷத்தில் கையெழுத்தும் போட்டாள். கண்ணாடி எழுதும் கார்டில் எப்போதும் போடுவதுதான்.

பழனிவேல் அதைக் கையில் வாங்கி, கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "முத்து மாதிரி எழுத்து" என்றார்.

திங்கட்கிழமை அவர் கண் பால்போல் வெளுத்திருந்தது. படகு கிடைத்தது.

அதற்குப் பிறகு அனுப்பிரியா மாமாவை மூன்று நான்கு முறை பார்த்திருப்பாள், எல்லாம் விசேஷ வீடுகளில். ஒரு காதுகுத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்துப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அதை லேமினேஷன் செய்து வைத்திருந்தார். "படகுல தண்ணி படும்ல, அதான். என் மருமவ கையெழுத்து" என்றார். அவள் கூச்சத்தோடு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. முன்பக்கத்துப் பவருக்காக அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறார் என்று நினைத்தாள். "கண்ணு எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டாள். "பாரேன்" என்று அவர் இரண்டு கண்களையும் அகல விரித்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தன. ஏன் வெளுப்பாகவே இருக்கின்றன என்று அவள் கேட்கவில்லை.

பதினான்கு மாதம் போயிற்று. மறுவருஷம் ஆனியில் ஒருநாள் பழனிவேல் மறுபடி கடைக்கு வந்தார். கதவு நிலையின் இடதுபக்கத்தில் தோள் இடித்தது. நாற்காலி எங்கே என்று கையால் துழாவித்தான் உட்கார்ந்தார்.

"இடது பக்கம் சரியாத் தெரியலம்மா. நேத்து படகைக் கொண்டுபோய் கரை மரத்து வேருல சொருவிட்டேன். இருபத்தேழு வருஷத்துல ஒரு நாள் அப்படிப் பண்ணதில்ல. பவர் ஏறிப்போச்சு போல."

கடையின் மூலையில் காற்றை ஊதிக் கண்ணின் அழுத்தம் பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. போன தடவையும் அது அங்கேயேதான் இருந்தது. அவள் மாமாவின் தாடையை அதில் வைக்கச் சொன்னாள். இருபத்தொன்றைத் தாண்டக் கூடாத எண், இடதுகண்ணில் நாற்பத்தாறு என்று காட்டியது. வலதில் முப்பத்தெட்டு. நம்பாமல் இன்னொரு தடவை ஊதினாள். அதே எண்கள்.

"மாமா, கண்ணுல ஏதாச்சும் சொட்டு விடறீங்களா?"

"நீ குடுத்ததுதான்."

"நான் ஏழு நாள்னுதான எழுதினேன்?"

"ஆமா, ஏழு நாள்தான் விட்டேன். அப்புறம் மறுபடி செவந்துது. மறுபடி ஏழு நாள் விட்டேன். நீதான் எழுதியிருக்கியே. நிறுத்துனா செவக்குது, விட்டா வெளுக்குது. அப்புறம் தெனம் காலையில முறைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு." அவர் பையிலிருந்து கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மூலைகள் மடங்காமல், எழுத்து கலையாமல், எழுதிய அன்று இருந்ததுபோலவே இருந்தது.

காகிதமாகவே இருந்திருந்தால் ஒரு மழைக்கு ஊறி, இரண்டு மாதத்தில் கிழிந்து போயிருக்கும்.

அன்றைக்கே அவரைக் கடலூருக்குக் கூட்டிப்போனாள். மஞ்சக்குப்பத்தில் பெரியாஸ்பத்திரியின் கண் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். ஸ்டீராய்டு கலந்த சொட்டை மாதக்கணக்கில் விட்டதால் அழுத்தம் ஏறி, கண்ணின் பின்னால் இருக்கும் நரம்பு பட்டுப்போயிருந்தது. வலி இருக்காது, சிவப்பு இருக்காது. ஓரத்திலிருந்து ஒவ்வொரு பிடியாகப் பார்வை போய்க்கொண்டே இருக்கும். இடதுகண் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வலது கண்ணில் குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. "போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டர். பிறகு, "இந்தச் சொட்டை உங்களுக்கு யார் குடுத்தது?" என்று கேட்டார்.

அனுப்பிரியா வாயைத் திறப்பதற்குள் பழனிவேல் முந்திக்கொண்டார்.

"தில்லைப் பால் கண்ணுல தெறிச்சுடுச்சுங்க. கிள்ளை மெடிக்கல்ல போயி எரியுதுன்னேன். அவரு குடுத்தாரு. சீட்டு கீட்டு ஒண்ணும் கெடையாது."

பிச்சாவரத்து ஆட்களுக்குத் தில்லைப் பாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தில்லை மரத்தின் கிளை ஒடிந்து அதன் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று தவழ்கிற வயதிலேயே சொல்லி வளர்ப்பார்கள். டாக்டர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். "பால் பட்டா முன்னாடி புண்ணாகும். இது பின்னாடி போயிருக்கு. ரெண்டும் வேற" என்றார். ஆனாலும் பழனிவேல் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். சொட்டுப் புட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார். அதன் லேபிள் ஓரத்தில், சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து என்பதற்கான சிவப்புக் கோடு இருந்தது.

வெளியே வந்ததும் அனுப்பிரியா, "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றார் அவர். "போனது என் கண்ணோட போவட்டும்."

பத்து நாளில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் கிள்ளைக்கு வந்து, பழனிவேலிடமும் எழுதி வாங்கிக்கொண்டு போனார். மெடிக்கல் கடையின் உரிமத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டப்பட்டது. விற்பனை நிறுத்தப்பட்டது. ஊரில் எல்லாரும் பழனிவேலுக்குத் தில்லைப் பால் பட்டுக் கண் போனதென்றும், பாவம் மெடிக்கல்காரர் உதவப்போய் மாட்டிக்கொண்டார் என்றும் பேசினார்கள்.

அந்த மெடிக்கல்காரர் ராஜமாணிக்கம் ஒருநாள் காலை கண்ணாடிக் கடைக்கு வந்தார். அறுபதை நெருங்கியவர். பேண்ட்டின் கீழ்ப்பக்கம் சேறாக இருந்தது. கடை வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"சீட்டு பார்த்துதாம்மா குடுத்தேன். உங்க கையெழுத்துதான். மாசா மாசம் பிளாஸ்டிக்குக்குள்ள போட்டுக் கொண்டாந்து காட்டுவாரு உங்க மாமா. இப்ப சீட்டே கெடையாதுன்றாரு. நான் பொய் சொல்றேன்னு ஆயிப்போச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அனுப்பிரியா பேசுமுன் திருநாவுக்கரசு கல்லாவிலிருந்து எழுந்தார். "எங்க கடையில மருந்து எழுதற வழக்கமே இல்லீங்க. யாரை வேணா கேட்டுப் பாருங்க."

"நான் உங்களைக் கேக்கல சார்." ராஜமாணிக்கம் அவளையே பார்த்தார். "சரி, என் கடை போனாப் போவுது. உங்க மாமாவோட போச்சா? துறையில ஆறு பேரு அந்த ஒரே சீட்டுல வாங்கிக்கினு இருந்தாங்க. நான் மூடினதும் சிதம்பரத்துக்கு வந்து வாங்கறாங்களாம். இது கண்ணாடி இல்லம்மா, போட்டாக் கழட்டறதுக்கு."

அவர் போன பிறகு திருநாவுக்கரசு பெருமூச்சு விட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன் பாப்பா. வாயோட விட்டிருந்தா இன்னைக்கி ஒருத்தன் வந்து வாசல்ல நிப்பானா? எழுதுனதுதான் தப்பு."

அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். எழுதாமல் சொல்லியிருந்தாலும் மாமா எப்படியாவது அந்தப் பேரை மனப்பாடம் செய்திருப்பார். கண் இதேபோல்தான் போயிருக்கும். அப்போது யாருடைய கையெழுத்தும் எங்கும் இருந்திருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த இரண்டு வருஷத்தில் எத்தனை பேருக்கு வாயால் சொல்லி அனுப்பினோம் என்று எண்ணிப் பார்த்தாள். ஒருவர் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"எழுதுனது தப்பில்ல சார்," என்றாள். "நான் குடுத்ததுதான் தப்பு."

அன்று அரைநாள் விடுப்பு கேட்டுக்கொண்டு பிச்சாவரம் போனாள். நாலு மணிக்குமேல் கூட்டம் குறைந்திருந்தது. படகுக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் வெளுப்பாக இருந்தது. வெயிலில் வேகிற ஆட்களுக்கு இத்தனை வெள்ளைக் கண் எப்படி வரும் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"வாங்க டாக்டரம்மா" என்று எழுந்தான் அன்புமணி. முப்பது வயது. மாமாவிடம் துடுப்பு பழகியவன். "மாமனுக்குத் தேவலையா?"

"அன்புமணி அண்ணே, நீங்க விடற சொட்டை நிறுத்துங்க. எல்லாரும் நிறுத்துங்க. அதுதான் மாமா கண்ணைப் போக்கினது."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமனுக்குத் தில்லைப் பாலும்மா. எங்களுக்குத் தெரியாத தில்லையா?"

"இல்லண்ணே. சொட்டுதான். ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"சொட்டு நீங்கதான குடுத்தீங்க? நீங்க குடுத்தது எப்படிக் கெடுதல் பண்ணும்?" என்றான் இன்னொருவன். அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. நம்பித்தான் கேட்டான். "மெடிக்கல்காரனைக் காப்பாத்தறதுக்கு சொல்றீங்க. அவுரு வந்து அழுதாரா?"

"நிறுத்துனா கண்ணு செவக்கும்மா," என்றான் அன்புமணி. "செவந்தா ஜனங்க ஏறாது. உங்க மாமனுக்கு நடந்தது தெரியாதா? ஒரு கெடுதலும் இல்ல எனக்கு. நல்லாத்தான் தெரியுது. அதோ அந்தக் கொக்குக்குக் கால் எத்தினின்னு சொல்லட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நடுப்பார்வை கடைசி வரைக்கும் நன்றாகத்தான் இருக்கும் என்று அவள் சொன்னாள். ஓரம்தான் முதலில் போகும், போவது தெரியாது என்றாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மாமாவின் பொய் மெடிக்கல் கடையை மூடியதோடு நிற்கவில்லை. அந்தச் சொட்டை நல்ல மருந்தாகவும் ஆக்கிவிட்டிருந்தது.

அங்கிருந்து நேராக மாமா வீட்டுக்குப் போனாள். பழனிவேல் கட்டிலில் உட்கார்ந்து வலையின் ஓட்டை ஒன்றை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். அத்தை தங்கம்மாள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரை வாசலில் நின்றாள்.

"அந்தக் கார்டைக் குடுங்க மாமா."

"தொலைஞ்சு போச்சு."

"அத்தை?"

தங்கம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அரிசிப் பானையில வச்சிருந்தாரு. இப்ப எங்க மாத்தி வச்சாரோ தெரியல."

"நாளைக்குக் கடலூர் போறேன். நான்தான் எழுதினேன்னு சொல்லப்போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" பழனிவேல் வலையைக் கீழே போட்டார். "அந்தப் படிப்புக்கு உங்கம்மா முந்திரிக் கொட்டை உடைச்சு உடைச்சு கை வெந்துது. எல்லாத்தையும் ஒரே கையெழுத்துல அழிச்சிடுவியா? யாரு கேட்டா உன்னை? மெடிக்கல்காரன் இன்னா அவ்ளோ யோக்கியனா? சீட்டை வாங்கிப் பார்த்துட்டு, இது டாக்டரு சீட்டு இல்லன்னு திருப்பிக் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்திருக்கலாம். நானும் எழுதாம இருந்திருக்கலாம்."

"எனக்காகத்தான எழுதின? நான் கேட்டேன், நீ எழுதின. நான் உன்மேல ஒண்ணும் சொல்லலியே. என் கண்ணு, நான் பொய் சொல்றேன். அதுல உனக்கென்னா?"

"உங்க கண்ணோட போயிருந்தா நானும் வாயை மூடிக்கினு இருந்திருப்பேன் மாமா. சத்தியமா இருந்திருப்பேன். அன்புமணிக்கு முப்பது வயசு. இன்னிக்கும் காலையில விட்டுக்கினு வந்திருக்கான். தில்லைப் பாலுன்னு நீங்க சொன்னதை நம்பித்தான் விடறான். நான் சொன்னா நம்பல. நான் மருந்துன்னு சொன்னா நீங்க எல்லாரும் எழுதி வாங்கிப்பீங்க, லேமினேஷன் பண்ணிப்பீங்க. நிறுத்துங்கன்னு சொன்னா மட்டும் கேக்க மாட்டீங்க."

பழனிவேல் குனிந்து தரையில் வலையைத் தேடினார். அது அவருடைய இடதுபக்கம்தான் கிடந்தது. கை வலதுபக்கமாகவே துழாவியது. தங்கம்மாள் வந்து எடுத்துக் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை அனுப்பிரியா சிதம்பரத்தில் பஸ் ஏறினாள். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், சிப்காட் என்று ஒவ்வொரு நிறுத்தமாக வந்துபோயின. சிப்காட்டில் ஷிப்டு முடிந்தவர்கள் ஏறி, உட்கார்ந்தவுடன் தூங்கிப்போனார்கள். அவளுடைய மடியில் இரண்டு பக்கம் எழுதிய வாக்குமூலம் இருந்தது. அந்த மடியிலேயே கைபேசி மூன்று முறை அதிர்ந்தது. திருநாவுக்கரசு. எடுக்கவில்லை.

மருந்து ஆய்வாளர் இசைவாணிக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணாடி போட்டிருந்தார். வாக்குமூலத்தை ஒரு வார்த்தை விடாமல் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இதை எழுதினா மெடிக்கல்காரர் தப்பிச்சிடுவார்னு நினைச்சீங்களா?"

"அவரு பொய் சொல்லலைன்னு ஆவும்ல மேடம்."

"ஆகும். ஆனா தப்பிக்க மாட்டாரு. பதிவு பெற்ற டாக்டர் எழுதினாத்தான் சீட்டு. நீங்க எழுதினது சட்டப்படி சீட்டே இல்ல, வெறும் காகிதம். அதைப் பார்த்துட்டுக் குடுத்ததும் தப்புதான். அவருக்குத் தண்டனை கொஞ்சம் குறையலாம். அதோட நீங்களும் மாட்டிக்குவீங்க. உங்களைப் பதிவு பண்ண இடத்துக்கும் எழுதிக் கேப்பாங்க, கடைக்கும் வருவோம். அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்தீங்களா?"

"தெரியும் மேடம். படிச்சிருக்கேன்."

"படிச்சிருந்துமா எழுதினீங்க?"

அனுப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். மாமா கேட்டார் என்பது பதில் ஆகாது.

"அந்தக் கார்டு எங்க?"

"மாமாகிட்ட இருக்கு. குடுக்க மாட்டேன்றாரு."

இசைவாணி நாற்காலியில் சாய்ந்தார். "பாதிக்கப்பட்டவரு சீட்டே கெடையாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. நீங்க இருக்குன்னு சொல்றீங்க. கார்டு இல்லாம நான் எதை எடுத்துக்கறது?"

"மேடம், கார்டு இல்லாட்டியும் நீங்க ஒரு தடவை துறைக்கு வரணும். அந்த ஆறு பேருகிட்டயும் அது மருந்து இல்லன்னு நீங்க சொன்னா நம்புவாங்க. பேரெல்லாம் கடைசியில எழுதியிருக்கேன்."

இசைவாணி காகிதத்தைத் திருப்பினார். அந்தப் பேர்களைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் வாசலில் ஏதோ இடிபடும் சத்தம் கேட்டது. கதவின் இடதுபக்க நிலையில் தோளை இடித்துக்கொண்டு பழனிவேல் நின்றார். பக்கத்தில் தங்கம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் தும்பைப் பூப்போல வெளுத்த சட்டை போட்டிருந்தார். கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. சொட்டை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"உள்ள வரலாமுங்களா?"

இசைவாணி எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். பழனிவேல் உட்காரவில்லை. சட்டைப் பையில் கைவிட்டார்.

"காலையில முதல் முறைக்கு முன்னாடி துறைக்குப் போயிட்டு வரேன். எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். தில்லைப் பால் பொய்யின்னு. அன்புமணிப் பயல் என்னை அடிக்கவே வந்துட்டான். அடிச்சிருக்கலாம்." அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நாலு பேரு எங்கூட பஸ்ல வந்திருக்கானுங்க. ஆஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு வாங்க நிக்கறானுங்க. ரெண்டு பேரு வரல. முறை போயிடும்னுட்டானுங்க."

அவர் கார்டை எடுத்து மேசையை நோக்கி நீட்டினார். மேசையின் விளிம்பு அவருக்குத் தெரியவில்லை. கார்டு காற்றில் நின்றது. அனுப்பிரியா எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"இது என்னாங்க?" என்றார் இசைவாணி. அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் பழனிவேல் வாயால் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

பழனிவேல் அந்த வழவழப்பான பிளாஸ்டிக்கின்மேல் இருந்து கையை எடுக்காமல் சொன்னார்.

"என் மருமவ கையெழுத்து."

எத்தனையோ பந்தியில், எத்தனையோ பேரிடம் அவர் சொன்ன அதே வார்த்தைகள். இசைவாணி கார்டை வாங்கி, பின்பக்கம் திருப்பிப் படித்து, ஒரு கவரில் போட்டு ஒட்டினார். கவரின்மேல் தேதி எழுதி, மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினார். பழனிவேல் எங்கே போடுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு நின்றபோது, அனுப்பிரியா அந்த இடத்தில் அவர் விரலைக் கொண்டுபோய் வைத்தாள்.

பிறகு மூவரும் பெரியாஸ்பத்திரிக்கு நடந்தார்கள். பக்கத்தில்தான். கண் பிரிவின் வாசலில் படகுக்காரர்கள் நால்வரும் வரிசையில் நின்றிருந்தார்கள். அன்புமணி அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு அவனே திரும்பினான்.

"உள்ள போனா இன்னா பண்ணுவாங்க?"

"கண்ணுல அழுத்தம் பார்ப்பாங்கண்ணே. வலிக்காது."

"ஜாஸ்தியா இருந்தா?"

"அதை டாக்டர் சொல்லுவாரு" என்றாள் அனுப்பிரியா. "எனக்குச் சொல்ல உரிமை கெடையாது."

உள்ளிருந்து அன்புமணியின் பேரைக் கூப்பிட்டார்கள். நிலைப்படியைத் தாண்டும்போது அவன் தோள் எங்காவது இடிக்கிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.